பத்து மீட்டர் கடலும் பத்தாம் எண் எச்சரிக்கையும்

வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் புயலாக வலுப்பெற்று, அதற்குப் பெயரும் சூட்டப்பட்டுவிட்டால், மறுநாள் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இடம்பெறுவது காற்றின் வேகம்தான். தொலைக்காட்சிகள் அந்த எண்ணை நாள் முழுதும் திரையின் அடியில் ஓடவிடுகின்றன. எண் ஏறினால் ஊர் அஞ்சுவதும், இறங்கினால் பெருமூச்சு விடுவதும் வழக்கமாகிவிட்டன. இந்த எண்ணை மட்டும் நம்புவோருக்கு ஒரு கணக்கு இடிக்கும். 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவில் கரையைக் கடந்த சூப்பர் புயலின் காற்று மணிக்கு ஏறத்தாழ 260 கி.மீ. வேகத்தில் வீசியது, மாண்டோர் சுமார் பத்தாயிரம் பேர். 1970 நவம்பர் 12 இரவு, அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கதேசத்தில் மேக்னா ஆற்றின் முகத்துவாரத்தைத் தாக்கிய போலா புயலின் வேகம், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்குப்படி, மணிக்கு 185 கி.மீ.தான், மாண்டோர் தொகையோ மூன்று லட்சத்துக்கும் ஐந்து லட்சத்துக்கும் இடையே மதிப்பிடப்படுகிறது. வேகத்தில் பின்தங்கிய புயல் உயிர்ச்சேதத்தில் முப்பது மடங்கு முந்தியது எப்படி என்று கேட்கும் வாசகருக்கு, மக்கள் நெருக்கம், வறுமை, எச்சரிக்கையில் குளறுபடி என்று விடை சொல்லி முடித்துவிடலாம், அவை உண்மையும்கூட. ஆனால் அந்த விடையில் கடலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பெரும் புயல்களில் மனிதரைக் கொத்துக்கொத்தாகக் கொல்வது, காற்று கரைக்குள் தள்ளிக்கொண்டு வரும் கடல்நீர். புயல் நெருங்கும்போது, அன்றாட ஓதத்துக்கும் அலைகளுக்கும் மேலாகக் கடலின் மட்டமே உயர்ந்து, சில மணி நேரம் நின்று, பிறகு வடிவதைப் புயல் எழுச்சி என்பர். இதற்குப் பலரும் சொல்லும் காரணம், புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவதால் கடல் மேலே இழுக்கப்படுகிறது என்பது. அதில் பிழையில்லை, ஆனால் அளவைப் பார்த்தால் அது அற்பமானது. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். போலா புயலின் மையத்தில் அழுத்தம் 960 மில்லிபார் அளவுக்கு இறங்கியது. சுற்றுப்புறத்தில் 1010 என்று கொண்டால் வேறுபாடு 50 மில்லிபார், ஆகவே உயர்வு அரை மீட்டர். அன்றிரவு தீவுகளின்மேல் ஏறிய நீரோ ஆறு மீட்டருக்கும் மேல், சில மதிப்பீடுகளில் பத்து மீட்டர் வரை. அரை மீட்டரைக் கழித்தபின் எஞ்சும் நீர் எங்கிருந்து வந்தது என்பதே சுவையான கேள்வி.

விடையை ஒரு டபராவில் தேடலாம். சூடான காபியை டம்ளரில் வைத்து ஒரு பக்கமிருந்து ஊதினால், மேற்பரப்பிலுள்ள காபி எதிர்ப்பக்கம் நகர்ந்து, சுவரில் முட்டி, கீழிறங்கி, அடிவழியே திரும்பி வந்துவிடுகிறது, மட்டம் மாறுவதில்லை. அதையே டபராவில் ஊற்றி அகலப் பரப்பி அதே மூச்சால் ஊதினால், திரும்பி வருவதற்கு வேண்டிய அடிவழி நெருக்கமாகிவிடுவதால், எதிர்விளிம்பில் காபி ஒதுங்கி நிற்க முற்படுகிறது. மூச்சின் இழுவை காபியின் மேற்பரப்பை மட்டுமே பற்றுகிறது. ஆனால் எதிர்விளிம்பில் மட்டம் சற்று உயர்ந்ததும், உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்தை நோக்கிப் பிறக்கும் எதிரழுத்தம், மேலிருந்து அடி வரை முழு ஆழத்திலும் செயல்படுகிறது. ஆழம் மிகுதியாக இருந்தால், மிகச் சிறிய சரிவு ஏற்பட்டாலே, ஆழம் முழுதிலுமாகத் திரண்ட எதிரழுத்தம் இழுவையைச் சமன்செய்துவிடும். ஆழம் குறைவாக இருந்தால் திரட்டுவதற்கு நீர் இல்லை. அந்தக் குறையைச் சரிவு கூடித்தான் ஈடுகட்ட வேண்டும். சுருங்கக் கூறின், காற்று ஒன்றாகவே இருக்க, ஆழம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் கடலின் சரிவு பத்து மடங்காகும்.

இதற்குப் பெரிய கணினி எதுவும் வேண்டியதில்லை, ஒரு துண்டுத்தாள் போதும். மணிக்கு 180 கி.மீ., அதாவது நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, கடலின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ ஏழு நியூட்டன் விசையோடு இழுக்கிறது. முக்கால் கிலோ எடைக்குச் சற்றுக் குறைவான, கேட்பதற்கு ஏமாற்றமளிக்கும் சிறு விசை. ஆயிரம் மீட்டர் ஆழமுள்ள கடலில் இந்த விசை உண்டாக்கும் சரிவு கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நூறு மீட்டர் ஆழத்தில் கிலோமீட்டருக்கு ஏழு மில்லிமீட்டர். பத்து மீட்டர் ஆழத்தில் ஏழு சென்டிமீட்டர். இத்தகைய பத்து மீட்டர் கடல் நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு நீண்டு, அதன்மேல் காற்று கரையை நோக்கிப் போதிய நேரம் வீசினால், கரையில் நீர் ஏழு மீட்டர் உயர்ந்து நிற்கும். காற்றின் வேகமும் முக்கியமே, ஏனெனில் இழுவை வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது; ஆயினும் வேகம் 185-இலிருந்து 260-க்குத் தாவினால் இழுவை இரண்டு மடங்காகிறது, அவ்வளவே. (அந்த இருமடிக் கணக்கும் கடுங்காற்றில் அப்படியே நீடிப்பதில்லை என்பதைப் புயல்களுக்குள் விமானத்திலிருந்து வீசப்பட்ட கருவிகளின் பதிவுகளைக் கொண்டு 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது, நுரையும் நீர்த்திவலையும் மேற்பரப்பை மூடிக்கொள்வதால் காற்றின் பிடி ஒரு கட்டத்துக்குமேல் இறுகுவதில்லை.) முதல் பக்க எண் இரண்டு மடங்குக்குப் பொறுப்பேற்கும் இடத்தில், ஒருவரும் அச்சிடாத ஆழம் பத்து மடங்குக்குப் பொறுப்பேற்கிறது.

டபராவை அத்துடன் விட்டுவிட மனம் வராது. உண்மையான டபராவில் ஒரு சென்டிமீட்டர் ஆழக் காபியை ஊதினால், இதே கணக்கின்படி எதிர்விளிம்பில் எழும் உயர்வு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. ஊதுபவர் கண்ணில் படுவதெல்லாம் மூச்சு நேராகக் குத்தியதால் விழுந்த குழியும், ஓரத்துக்கு ஓடிய நுரையும்தான். காரணம் அகலத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள விகிதம். பத்து சென்டிமீட்டர் அகல டபராவில் அந்த விகிதம் பத்து; நூறு கிலோமீட்டர் நீளப் பத்து மீட்டர் கடலில் அது பத்தாயிரம். மேக்னா முகத்துவாரத்தை அளவு மாறாமல் டபராவுக்குள் அடக்க வேண்டுமானால், அதில் ஊற்ற வேண்டிய காபியின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, தலைமயிரின் கனத்தைவிடப் பல மடங்கு குறைவு. குடித்து முடித்துக் கவிழ்த்துவைத்த டபராவில் ஒட்டியிருக்கும் ஈரம்தான் அது. அந்த டபராவின் ஒரு பக்கத்தை இருபுறமும் நெருக்கி மூக்காக வளைத்தால், மேற்கே கங்கைக் கழிமுகத்துக்கும் கிழக்கே சட்டகிராமக் கரைக்கும் இடையே வங்கக் கடல் குறுகிச் செல்லும் வடிவம் கிடைக்கும். பக்கவாட்டில் வழிய இடமில்லாத நீர் மேலே ஏறத்தான் செய்யும். அடியில் தங்கும் மண்டியையும் மறக்கலாகாது: கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுதோறும் ஏறத்தாழ நூறு கோடி டன் வண்டலைக் கொண்டுவந்து இந்த டபராவின் அடியில் கொட்டி, ஆழத்தை ஆழமாகவே இருக்கவிடுவதில்லை. இதற்குமேல் உவமை தாங்காது, ஏனெனில் ஊதுபவரின் வாய் சுழல்வதில்லை, புயல் சுழல்கிறது.

அச்சுழற்சிதான் எந்த ஊர் மூழ்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயல்கள் இடஞ்சுழியாகச் சுழல்வதால், புயல் செல்லும் திசையை நோக்கி நிற்பவரின் வலப்பக்கத்தில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுகிறது, இடப்பக்கத்தில் கரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. ஆகவே ஒரே புயலில், கண் கடந்த இடத்துக்கு வலப்பக்கமுள்ள தீவு முழுகிப்போகையில், இடப்பக்கமுள்ள கடற்கரையில் நீர் உள்வாங்கிச் சேறு தெரியக்கூடும். இதன்மீது ஓதம் வேறு ஏறிக்கொள்கிறது. மேக்னாவின் வாயில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் உள்ள வேறுபாடே பல இடங்களில் மூன்று மீட்டருக்கு மேல் இருப்பதால், புயல் ஆறு மணி நேரம் முந்தினாலும் பிந்தினாலும் நீரின் உயரம் ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு மாறிவிடும். போலா புயல் உயர் ஓதத்தோடு சேர்ந்து வந்தது.

தமிழ்நாட்டுக் கரைக்கும் இக்கணக்கு பொருந்தும். சென்னைக்கு எதிரே கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடித்தளம், குறுகியது. சில பத்துக் கிலோமீட்டர்களில் ஆழம் இறங்கிவிடுகிறது. பாக் விரிகுடாவோ பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்குக் குறைந்த ஆழமுடையது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி அழிந்ததை நினைவுகூர்வோர் காற்றையும் ரயிலையும் சொல்வதோடு நின்றுவிடுவதால், அந்த ஆழமற்ற நீர்ப்பரப்பின் பங்கு பேச்சில் வருவதே அரிது.

வரலாறு வேண்டுவோருக்குச் சில வரிகள். 1737-இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் மூன்று லட்சம் பேர் மாண்டதாக இன்றும் பட்டியல்களில் அச்சாகிறது. அன்றைய நகரின் மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் அது நம்பத்தக்கதன்று, எனினும் பட்டியல்கள் அதை விடுவதாயில்லை. 1864-இல் வந்த கல்கத்தாப் புயலும் அடுத்து வந்த பஞ்சங்களும் ஆங்கில அரசை உலுக்கியதன் விளைவாக 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது; மறு ஆண்டே பாக்கர்கஞ்சுப் புயலில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் மாண்டனர், அவர்களுள் பாதிப்பேர் நீரிலும் மறுபாதிப்பேர் பின்வந்த நோயிலும் பசியிலும். கல்கத்தாவில் புயல்களை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன், மாதலா ஆற்றங்கரையில் துறைமுகம் கட்டினால் புயல் எழுச்சி விழுங்கிவிடும் என்று 1853-இலேயே எழுதினார். கட்டினார்கள், 1867-இல் விழுங்கியது.

போலா புயலுக்குப்பின் நடந்ததைப் பொறுத்தவரை, அரசியல் விளைவுகள் பலரும் அறிந்தவையே: நிவாரணத்தில் மேற்குப் பாகிஸ்தான் காட்டிய மெத்தனம் அடுத்த மாதத் தேர்தலில் எதிரொலித்தது, மறு ஆண்டு நாடே பிரிந்தது. அதைவிடக் குறைவாக அறியப்பட்டது, டாக்கா காலரா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் சோமர், வைலி மோஸ்லி ஆகிய இரு மருத்துவர்கள் முன்னின்று நடத்திய கணக்கெடுப்பு. குறைந்தபட்சம் 2,24,000 பேர் இறந்திருக்க வேண்டும் என்று அவர்கள் மதிப்பிட்டனர். நெல் அறுவடைக்கு வெளியூர்களிலிருந்து வந்து தங்கியிருந்த கூலியாட்கள் அதில் முழுமையாக அடங்கவில்லை. சிறு குழந்தைகளும் முதியோரும் பெண்களும் மிகுதியாக இறந்திருந்தனர். திடமான ஆண்களே மிகுதியாகத் தப்பியிருந்தனர். தப்பியவர்களிடம் மருத்துவர்கள் கண்ட காயங்கள் ஒரே மாதிரியாக இருந்தன: மார்பிலும், கைகளின் உட்புறத்திலும், தொடைகளின் உட்புறத்திலும் தோல் உரிந்திருந்தது. இரவு முழுவதும் நீரின் இழுப்புக்கு எதிராக மரத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கியவர்களின் தழும்பு அது. மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில் அவர்கள் அதற்குப் புயல் நோய்க்குறி என்றே பெயரிட்டனர். யார் பிழைத்தார் என்பதை அன்றிரவு தீர்மானித்தது கைகளின் வலுவே என்பதற்கு அந்தத் தோலைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இங்கே வண்டலுக்கு மறுபடி வர வேண்டியிருக்கிறது. கடலை ஆழமற்றதாக்கும் அதே மண்டிதான் கடலிலிருந்து புது நிலமாகவும் எழுகிறது. வங்காளத்தில் சோர் என வழங்கப்படும் இவ்வண்டல் தீவுகள், கடல்மட்டத்துக்குமேல் ஓரிரு மீட்டரே உயர்ந்தவை, மிக வளமானவை, பட்டா இல்லாதவை. ஆகவே வேறெங்கும் நிலம் கிடைக்காதவர்கள் அங்கே குடியேறுகின்றனர். எழுச்சி எங்கே மிக உயரமாக எழுமோ அங்கேயே மிக ஏழைகள் வாழ்வதற்கு இயற்பியலும் நிலவுடைமையும் சேர்ந்தே காரணம். போலா தீவின் தஜுமுத்தீன் வட்டாரத்தில் வாழ்ந்த 1,67,000 பேரில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் அந்த ஒரே இரவில் மாண்டனர்.

புயல் வருவது தெரியாமல் அவர்கள் மாளவில்லை என்பதுதான் பின்னாளைய ஆயத்தப் பணிகளுக்கு அடிப்படையாக அமைந்தது. புயல் வரப்போவதைத் தீவுவாசிகளில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருந்தனர். உறுதியான கட்டடங்களில் புகுந்தவர் நூற்றில் ஓரிருவரே. புகுவதற்குக் கட்டடமும் இல்லை, வானொலி சொன்னதற்கு என்ன பொருள் என்று விளக்க ஆளும் இல்லை. 1972-இல் செஞ்சிலுவை இயக்கம் தொடங்கி, பின்னர் வங்கதேச அரசு கூட்டாக ஏற்றுக்கொண்ட புயல் ஆயத்தத் திட்டம் இரண்டாவது குறையை நிரப்ப முற்பட்டது. ஒவ்வொரு ஊரிலும் அவ்வூராரையே தொண்டர்களாகச் சேர்த்து, அவர்களிடம் ஒரு டிரான்சிஸ்டர் வானொலி, கையால் சுழற்றும் சங்கு, மெகாபோன், டார்ச் விளக்கு, கொடிகள் ஆகியவற்றைக் கொடுத்தனர். கப்பல்களுக்காக வகுக்கப்பட்ட ஒன்று முதல் பத்து வரையிலான துறைமுக எச்சரிக்கை எண்களைக் குடிசைவாசிக்குப் புரியவைப்பது கடினமாகையால், ஆபத்து கூடக்கூட ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி என்று ஏற்றினர். இன்று இத்தொண்டர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 76,000. அவர்களுள் பாதிப்பேர் பெண்கள்.

இத்திட்டத்தைப் புகழும் கட்டுரைகள் வழக்கமாகத் தவிர்த்துவிடும் ஆண்டு 1991. திட்டம் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப்பின், ஏப்ரல் 29 இரவு சட்டகிராமக் கரையைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தனர். எச்சரிக்கை போய்ச் சேர்ந்திருந்தது. ஒதுங்கச் சுவர்கள் போதவில்லை. அடுத்து நடந்த ஆய்வொன்றில் 1,123 பேரின் கதி விசாரிக்கப்பட்டது. செங்கல் அல்லது காங்கிரீட் கட்டடத்தை அடைந்தவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. அடையாதவர்களில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் இறந்தனர். மருத்துவ ஆய்வுகளில் இவ்வளவு பளிச்சென்ற வேறுபாடு காணக் கிடைப்பது அரிது. நாற்பது வயதைத் தாண்டிய பெண்களில் 31 விழுக்காட்டினரும், பத்து வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியரில் 26 விழுக்காட்டினரும் மாண்டிருந்தனர்.

அடுத்து எழுந்த புயல் பாதுகாப்பு மையங்கள் நான்காயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றின் வடிவத்தில் மேலே சொன்ன இயற்பியல் அப்படியே உறைந்திருக்கிறது. கீழ்த்தளம் வெறும் தூண்கள். நீரைத் தடுக்காமல் அடியில் ஓடவிடுவதற்காகச் சுவர் எழுப்பப்படுவதில்லை. மேல்தளம் மற்ற நாட்களில் பள்ளிக்கூடம், ஏனெனில் பத்தாண்டுக்கு ஓரிரவு மட்டும் பயன்படும் கட்டடத்தின் கதவுத் தாழ்ப்பாள்கூடத் துருப்பிடித்துவிடும். இவ்வளவு செய்தும் மக்கள் வரத் தயங்கினர். மாட்டை விட்டுவிட்டு வர ஒரு குடியானவருக்கு மனமில்லை. அதனால் கில்லா எனப்படும் மண்மேடுகள் கால்நடைகளுக்காக எழுப்பப்பட்டன. கழிப்பறையில்லாத, ஆணும் பெண்ணும் நெருக்கியடித்து நிற்கும் கூடத்துக்குப் பெண்கள் வர மறுத்தனர். தனியறைகளும் கழிப்பறைகளும் சேர்க்கப்பட்டன, பெண் தொண்டர்கள் வீட்டு வாசலில் வந்து அழைத்தனர். செயற்கைக்கோளும் செயற்கை நுண்ணறிவும் உயிர் காத்ததாக எழுதப்படும் செய்திகளுக்கிடையே, ஒரு கழிப்பறைக் கதவும் ஒரு மண்மேடும் காத்த உயிர்களுக்குச் செய்தியறிக்கை வெளியிட எந்த நிறுவனமும் இல்லை. முன்னறிவிப்பின் துல்லியம் கூடியிருப்பது மெய்யே. அதன் பயன் கால் நடையாக மையத்தை அடைந்தபின்தான் தொடங்குகிறது. 2007-இல் சித்ர் புயலில் ஏறத்தாழ 3,400 பேர் இறந்தனர். 2020-இல் 24 லட்சம் பேரை இடம்பெயர்த்தபின் வந்த அம்பன் புயலில் வங்கதேசத்தில் இறந்தோர் முப்பதுக்கும் குறைவு. 2008 மே மாதம் மியான்மரில், இதேபோன்ற ஆழமற்ற ஐராவதிக் கழிமுகத்தின்மேல் வந்த நர்கிஸ் புயலைப் பற்றி இந்திய வானிலை ஆய்வுத் துறை முன்கூட்டியே தெரிவித்திருந்தும், இடம்பெயர்க்கும் ஏற்பாடு எதுவும் இல்லாததால், இறந்தோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 1,38,000 பேர். 1991-இன் அதே எண்.

சதுப்புநிலக் காடுகளைப் பற்றியும் ஒரு சொல். அலையாத்தி மரங்கள் நட்டால் புயலை வென்றுவிடலாம் என்ற முழக்கத்தில் பாதி உண்மையுண்டு. அம்மரங்கள் அலையை வெகு விரைவில் அடக்கிவிடும். ஆனால் புயல் எழுச்சியை, அளவீடுகளின்படி, ஒரு கிலோமீட்டர் அகலக் காட்டுக்கு 5 முதல் 50 சென்டிமீட்டர் வரையே குறைக்கின்றன. சுந்தரவனம் பல பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ளதால் காக்கிறது. புகைப்படத்துக்காக நடப்படும் நூறு மீட்டர் வரிசை ஏழு மீட்டர் நீரிலிருந்து ஒரு சாணைக்கூடக் குறைக்காது.

நீர் வடிந்தபின் தொடங்கும் நிவாரணத்தில் எண்கள் மறுபடி தவறான இடத்தில் கூடுகின்றன. எத்தனை டன் பொருள், எத்தனை விமானம், எத்தனை மருத்துவக் குழு என்று அறிக்கைகள் எண்ணுகின்றன. அழுகும் பிணங்களால் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சம் ஒவ்வொரு முறையும் கிளம்பி, அடையாளம் காணாமல் அவசரமாகப் புதைப்பதற்குக் காரணமாகிறது. புயலில் இறந்தவர் நோயால் இறந்தவர் அல்லராகையால் இந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. சோமரும் மோஸ்லியும் 1970-லேயே கண்டதும் இதுதான்: தப்பியவர்களிடையே நோய் பெருகவில்லை, அவர்களுக்கு வேண்டியிருந்தது உணவும், வீடும், உழுவதற்கு மாடும். வேண்டியவற்றில் மிக எளியதாகத் தோன்றி மிகக் கடினமாக முடிவது குடிநீர்.

கரையோர ஊர்களின் குடிநீர்க் குளங்களில் கடல் புகுந்துவிட்டபின், முதலில் வந்து சேர்வன குளோரின் மாத்திரைகளும் பிளீச்சிங் பவுடரும். அவை கிருமியைக் கொல்லும். உப்பை ஒன்றும் செய்யா. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நாக்கு பொறுக்கும் எல்லை ஏறத்தாழ ஒரு கிராம். ஒரு பங்கு கடல்நீரைக் குடிக்கத்தக்கதாக்க முப்பத்துநான்கு பங்கு நன்னீர் வேண்டும் என்பதால், மழை பெய்து குளம் தானே தெளிந்துவிடும் என்று காத்திருப்பது வீண். முதலில் உப்புநீரை இறைத்து வெளியேற்றி, செத்த மீனையும் இலைதழையையும் சேற்றோடு வாரியெடுத்துவிட்டு, பிறகே மழையை எதிர்பார்க்க வேண்டும். மழை எப்போது என்பதும் கணக்கில் சேரும். சித்ர் நவம்பரில் வந்ததால், அடுத்த பருவமழைக்கு அரை ஆண்டுக்கும் மேல் இருந்தது. 2009-இல் ஐலா புயல் மே 25 அன்று வந்தது, மழை அருகிலேயே இருந்தது. ஆனால் ஆற்றோர மண்கரைகள் உடைந்து, அவற்றை அடைக்க ஆண்டுக்கணக்கில் தாமதமான இடங்களில், நாளுக்கு இருமுறை ஓதம் ஏறி வயலையும் குளத்தையும் மறுபடி மறுபடி உப்பாக்கியது. அங்கே குடிநீர்த் திட்டம் என்பது கரை அடைக்கும் திட்டமே. எதிர்ச்சவ்வூடு பரவல் இயந்திரங்கள், அதாவது ஆர்.ஓ. கருவிகள், உப்பை நீக்கும். டீசல் தீர்ந்து, சவ்வு அடைத்து, மாற்ற ஆளில்லாத நாளில் நின்றும்விடும்.

இறைப்பதிலும் அளவு தேவை. 2004 சுனாமிக்குப்பின் இலங்கையின் மட்டக்களப்புக் கரையில் உப்பேறிய கிணறுகளை உதவிக்குழுக்கள் மும்முரமாக மறுபடி மறுபடி இறைத்தபோது, பல கிணறுகளில் உப்பு குறையவில்லை, சிலவற்றில் கூடியது. மணற்பாங்கான அந்நிலத்தில் நன்னீர், எடை மிகுந்த உப்புநீரின்மேல் மெல்லிய அடுக்காக மிதந்துகொண்டிருப்பதால், அளவுக்குமேல் இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலெழுந்துவிடுகிறது. பம்பைத் திருப்பியனுப்பிவிட்டு மழைக்குக் காத்திருப்பதே சரி என்று அங்கே ஆய்வாளர் சொல்ல வேண்டியிருந்தது. காத்திருப்பதைப் படம்பிடித்து நன்கொடையாளருக்கு அனுப்ப இயலாது என்பது வேறு சங்கடம். புயல் எழுச்சி புகுந்த கிணற்றுக்கும் விதி இதுவே.

இனி எஞ்சும் சிக்கல், புயலுக்கு முந்தைய நாளைச் சேர்ந்தது. எழுச்சி உச்சம் பெறும் கரையின் நீளம் சில பத்துக் கிலோமீட்டர். ஒரு நாள் முன்னதாகக் கணிக்கப்படும் கரைகடக்கும் இடத்தில் நேரும் பிழையும் ஏறத்தாழ அதே அளவு. ஆகவே உரிய நேரத்தில் இடம்பெயர்க்க வேண்டுமானால், மூழ்கப்போகும் ஊரோடு மூழ்காத பல ஊர்களையும் சேர்த்தே பெயர்க்க வேண்டும். 2023 மே 14 அன்று மோக்கா புயலுக்காக வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் கரையில் லட்சக்கணக்கானோர் பாதுகாப்பிடங்களுக்குச் சென்றனர். பத்தாம் எண் எச்சரிக்கை ஏற்றப்பட்டிருந்தது. புயலின் கண் தெற்கே விலகி மியான்மரின் சித்வே அருகே கரையைக் கடந்ததால், காக்ஸ் பஜார் இடப்பக்கத்தில் அமைந்து தப்பியது. எச்சரிக்கை பொய்த்ததாக அதற்குப் பொருள் இல்லை. எனினும் இரண்டு இரவு கூடத்தில் நெருக்கிப் படுத்துத் திரும்பியவருக்கு அது அப்படித்தான் தோன்றும். அடுத்த புயலின்போது மெகாபோனோடு அதே வாசலுக்கு வரும் தொண்டர், போன தடவை ஒன்றும் வரவில்லையே என்ற கேள்விக்குப் புயலின் வலம் இடத்தை விளக்க வேண்டியிருக்கும். அவருக்கு அளிக்கப்படும் பயிற்சியில் கொடி ஏற்றுவதற்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது அதற்கு ஒதுக்குவது தகும்.